வயசானவங்க ஆஸ்பத்திரில இருக்கும்போது கூட இருக்குறவங்க என்னென்ன செய்யணும்

எழுபது எழுபத்தஞ்சு வயசுல ஒருத்தரை நிமோனியாவுக்கோ யூரின் இன்ஃபெக்ஷனுக்கோ மூச்சு வாங்குதுன்னோ அட்மிட் பண்றோம், ஊசி மருந்து போட்டு ஒரு வாரத்துல வந்த நோய் சரியாயிடுது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு டாக்டரும் சொல்லிடறார், ஆனா வீட்டுக்கு வந்து பாத்தா தானா எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டிருந்த மனுஷன் இப்ப ரெண்டு பேர் பிடிச்சாதான் நிக்கிறார். சொந்தக்காரங்க வந்து பாத்துட்டு "வயசாயிடுச்சுல்ல, இனிமே இப்படித்தான்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. நான் ஜெனரல் மெடிசின் வார்டுல வேலை பாக்குறேன், இந்த வார்த்தையை கேக்குறப்பல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். ஏன்னா வயசு மட்டும் காரணம் இல்ல. ஆஸ்பத்திரில அந்த ஒரு வாரம் எப்படி போச்சுங்கறதும் பெரிய காரணம், அதுல நெறைய விஷயத்தை தடுக்க முடியும்னு ஆராய்ச்சி பண்ணியே காட்டிட்டாங்க.

அமெரிக்காவுல கென்னத் கோவின்ஸ்கிங்கற டாக்டரோட குழு 2003-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 70 வயசுக்கு மேல அட்மிட் ஆனவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர், நோய் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தானா செஞ்சுட்டிருந்த வேலையில, அதாவது குளிக்கிறது, துணி மாத்துறது, சாப்பிடறது, பாத்ரூம் போறது இதுல ஏதாவது ஒன்னை இழந்துட்டுதான் டிஸ்சார்ஜ் ஆனாங்க. மூணுல ஒருத்தர்னா எவ்வளவு பெரிய கணக்குன்னு யோசிச்சு பாருங்க.

இதை தடுக்கறதுக்கு பெரிய மெஷினோ விலை கூடின மருந்தோ தேவைப்படல. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்தோட ஆஸ்பத்திரில ஷாரன் இனோயேன்னு ஒரு டாக்டர் செஞ்சது என்னன்னா, வாலண்டியர்களை கூட்டிட்டு வந்து டிரெய்னிங் கொடுத்து, ஒவ்வொரு வயசான பேஷன்ட்கிட்டயும் தினமும் போய் பேச வெச்சாங்க, நடக்க வெச்சாங்க, தண்ணி குடிக்க வெச்சாங்க, கண்ணாடி எடுத்து மாட்டி விட்டாங்க. அங்க பெட்டுக்கு பக்கத்துல ராத்திரி பகலா சொந்தக்காரங்க இருக்கற வழக்கம் கம்மி, அதனால வெளியாளை தேடவேண்டி வந்துச்சு. நம்ம ஊர்ல ஜிஎச்சா இருந்தாலும் பிரைவேட்டா இருந்தாலும் ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு அட்டெண்டர் இருக்காங்க, மகளோ மருமகளோ தம்பியோ பேரனோ. அவங்க செய்யற வேலை மாத்திரை வாங்கிட்டு வர்றது, பில் கட்டறது, டிரிப்ஸ் முடிஞ்சா சிஸ்டரை கூப்பிடறது அதோட நின்னுடுது. அந்த ஆளுக்கு என்ன செய்யணும்னு யாரும் சொல்லித்தர்றதில்ல. அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

அட்மிட் பண்ற அன்னைக்கு

வீட்ல இருக்குற எல்லா மாத்திரையையும் ஒரு பையில அள்ளி போட்டு கொண்டு வாங்க. சீட்டு மட்டும் போதாது, அட்டையோட வேணும், ஏன்னா சீட்டுல எழுதினது ஒன்னு, அவங்க நிஜமா சாப்பிடறது ஒன்னா இருக்கும். கண்ணுக்கு விடற சொட்டு மருந்து, இன்ஹேலர், இன்சுலின், சித்த மருந்து லேகியம் சூரணம், முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்புல சும்மா கேட்டு வாங்கி சாப்பிடற மாத்திரை, எல்லாமே. கனடாவுல டொரான்டோல ஒரு ஆஸ்பத்திரில செக் பண்ணப்ப, அட்மிட் ஆனவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு வீட்ல சாப்பிட்ட மருந்துக்கும் வார்டுல எழுதின மருந்துக்கும் குறைஞ்சது ஒரு வித்தியாசமாவது தெரியாமலே விழுந்திருந்துச்சு, பெரும்பாலும் வழக்கமான ஒரு மாத்திரை விட்டுப்போயிருந்தது. யாரும் வேணும்னே செய்யறதில்ல, அவசரத்துல டியூட்டி டாக்டர் கேக்குறப்ப "பிரஷர் மாத்திரை ஒன்னு, சுகர் மாத்திரை ஒன்னு, வெள்ளையா இருக்கும்"னு நாம சொல்றோம், அவர் அதை வெச்சு எழுதறார்.

ரெண்டு விஷயத்தை கூச்சப்படாம கட்டாயம் சொல்லுங்க. ஒன்னு தூக்க மாத்திரை. அல்பிரசோலம் மாதிரி மாத்திரையை வருஷக்கணக்கா போட்டவங்களுக்கு திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், குழப்பம், சில சமயம் ஃபிட்ஸ் கூட வரும். இன்னொன்னு குடிப்பழக்கம். தினமும் குடிக்கறவர் ஆஸ்பத்திரிக்கு வந்து குடி நின்னுபோச்சுன்னா ரெண்டு மூணு நாள்ல பயங்கரமா குழம்பி, வேர்த்து, இல்லாததை எல்லாம் பாக்க ஆரம்பிப்பார், அது உயிருக்கே ஆபத்து, ஆனா முன்னாடியே தெரிஞ்சா தடுக்க மருந்து இருக்கு. மாமனார் குடிக்கறதை டாக்டர்கிட்ட எப்படி சொல்றதுன்னு மருமகள் தயங்குவாங்க, தனியா கூப்பிட்டு சொல்லுங்கம்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

அப்புறம் அவங்க நல்லா இருந்தப்ப எப்படி இருந்தாங்கன்னு சொல்லணும். "ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் தானா கடைக்கு போய் பால் வாங்கிட்டு வருவார், பேப்பர் படிப்பார், பென்ஷன் கணக்கு அவரே பாப்பார்". இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம், ஏன்னா குழம்பிப்போய் கிடக்குற ஒரு வயசானவரை முதல் தடவை பாக்குற டாக்டருக்கு இது பழைய மறதி நோயா புதுசா வந்த குழப்பமான்னு தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

பையில எடுத்துட்டு வர வேண்டியது: மூக்குக்கண்ணாடி, காது மெஷினும் அதுக்கு பேட்டரியும், பல் செட்டும் அதை போட்டு வைக்க மூடி போட்ட டப்பாவும், வழுக்காத செருப்பு, கைத்தடி இருந்தா அது, சின்ன கடிகாரம், தினசரி காலண்டர். தொலைஞ்சு போயிடும்னு கண்ணாடியையும் பல் செட்டையும் வீட்ல கழட்டி வெச்சுட்டு வர்றவங்கதான் அதிகம். கண்ணு தெரியாம காது கேக்காம புது இடத்துல படுத்திருந்தா யாருக்கா இருந்தாலும் குழம்பும்.

திடீர்னு வர்ற குழப்பம்

இதைப்பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா எங்க வார்டுல குடும்பத்தை ரொம்ப பயமுறுத்தறதும் இதுதான், ஈஸியா கண்ணுல படாம போறதும் இதுதான். டாக்டருங்க டெலிரியம்னு சொல்லுவாங்க. காலையில நல்லா பேசிட்டிருந்த பாட்டி சாயங்காலம் ஆச்சுன்னா செத்துப்போன அண்ணனை கூப்பிடுவாங்க, டிரிப்ஸ் ஊசியை பிடுங்குவாங்க, இது என் வீடு இல்ல என்னை எங்க கொண்டு வந்தீங்கன்னு அழுவாங்க, விடிஞ்சா மறுபடி நல்லா இருப்பாங்க. ஏதோ பிடிச்சிருச்சுன்னு கயிறு மந்திரிச்சு கட்டறவங்களும் உண்டு, புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு அழறவங்களும் உண்டு. ரெண்டும் கிடையாது. உடம்புல ஏதோ கோளாறு மூளையை பாதிக்குது, அவ்வளவுதான், காரணத்தை சரி பண்ணா பெரும்பாலும் தெளியும், சிலருக்கு முழுசா தெளிய வாரக்கணக்குல ஆகும்.

சத்தம் போடறவங்களை எல்லாரும் கவனிச்சுடுவாங்க. இன்னொரு வகை இருக்கு, பேசாம சுருண்டு படுத்திருப்பாங்க, கேட்டா ஒரு வார்த்தை சொல்லிட்டு மறுபடி கண்ணை மூடிப்பாங்க, சாப்பாடு வாயில வெச்சா அப்படியே இருக்கும். "அப்பா நல்லா தூங்கறார் சிஸ்டர், தொந்தரவு இல்ல"ன்னு வீட்ல சொல்லுவாங்க. இந்த அமைதியான குழப்பம்தான் பெரும்பாலும் தப்பிப்போகுது.

கண்டுபிடிக்க சுலபமான வழி ஒன்னு: கிழமையை பின்னாடி இருந்து சொல்ல சொல்லுங்க, சனி, வெள்ளி, வியாழன்னு. இல்லைன்னா மாசத்தை, பங்குனில இருந்து பின்னாடி. படிக்காதவங்களும் கிழமையை சொல்லிடுவாங்க. நேத்து வரைக்கும் சொன்னவங்க இன்னைக்கு நடுவுல விட்டுட்டு வேற எதையோ பேசறாங்க, கவனம் நிக்க மாட்டேங்குதுன்னா உடனே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. "எங்கம்மா இப்படி இருக்க மாட்டாங்க, நேத்து சாயங்காலத்துல இருந்து மாறிட்டாங்க"ன்னு அந்த நேரத்தையும் சேர்த்து சொல்லுங்க. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் வார்டு பேஷன்ட் மோசமாகறாரான்னு பாக்க ஒரு மார்க் ஷீட் வெச்சிருக்காங்க, 2017-ல அதை திருத்தினப்ப புதுசா வந்த குழப்பத்துக்கும் 3 மார்க் சேர்த்தாங்க, பிபி ரொம்ப கீழ இறங்கினா கொடுக்குற அதே உச்ச மார்க். அவ்வளவு சீரியஸான அறிகுறி.

இனி இனோயே டாக்டரோட ஆய்வுக்கு வர்றேன். 1999-ல வெளிவந்துச்சு, 70 வயசுக்கு மேற்பட்ட 852 பேர். ஆறு விஷயத்தை குறி வெச்சாங்க: ஞாபகம் தடுமாறுறது, தூக்கம் கெடறது, நடக்காம கிடக்கறது, கண்ணு தெரியாதது, காது கேக்காதது, உடம்புல நீர் வத்தறது. வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்துச்சு, இந்த ஆறையும் கவனிச்ச குரூப்புல 9.9 சதவீதம். அந்த ஆய்வுல எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம் இன்னொன்னு, குழப்பம் ஒரு தடவை வந்துட்டா அதுக்கப்புறம் அதோட கடுமையில இந்த குரூப்புக்கும் அந்த குரூப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அதாவது வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், முதல் நாள்ல இருந்தே.

செய்ய வேண்டியது இதுதான். காலையில எந்திரிச்சதும் கண்ணாடி, காது மெஷின் மாட்டி விடுங்க, ஜன்னல் திரையை திறந்து வெளிச்சம் வர வைங்க. இன்னைக்கு என்ன கிழமை, எந்த ஆஸ்பத்திரி, எதுக்கு வந்திருக்கோம், இன்னைக்கு யார் பாக்க வரப்போறாங்கன்னு பேச்சோட பேச்சா சொல்லுங்க, பரீட்சை வைக்கிற மாதிரி கேட்டு கேட்டு நோகடிக்காதீங்க. பேப்பர் படிச்சு காட்டுங்க, பழைய கதை பேசுங்க, அவங்க பொறந்த ஊர், பாத்த வேலை, கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு. நீங்க போனை பாத்துட்டு உக்காந்திருந்தா அவங்க கூரையை பாத்துட்டு படுத்திருப்பாங்க. குழம்பி பேசினா எதிர்த்து வாதாட வேணாம், "அண்ணன் செத்து எத்தன வருஷமாச்சு"ன்னு சொன்னா அவங்களுக்கு அது புது சாவு மாதிரி இருக்கும், "அண்ணன் ஞாபகம் வந்துச்சா, அவர் எப்படி இருப்பார்"னு பேச்சை திருப்பிடுங்க.

தூக்கம். யேல்ல ராத்திரி சூடா பால், மெதுவான பாட்டு, முதுகு தடவி விடறது, இதைத்தான் தூக்க மாத்திரைக்கு பதிலா முதல்ல கொடுத்தாங்க. நம்மாலயும் முடியும்தானே. பகல்ல ரொம்ப நேரம் தூங்க விடாதீங்க, ராத்திரி எட்டரை ஒன்பதுக்கு மேல பாக்க வர்றவங்களை அனுப்பிடுங்க, போன் சத்தத்தை அணைங்க. உடம்பு தேறி ஸ்டெடியா இருக்காங்கன்னா ராத்திரி ரெண்டு மணி பிபி தேவையான்னு ரவுண்ட்ஸ்ல மரியாதையா கேக்கலாம். சிகாகோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரில கணக்கு பாத்தப்ப ராத்திரி எழுப்பி பிபி பாத்ததுல கிட்டத்தட்ட பாதி ஆபத்து ரொம்ப கம்மியா இருந்த பேஷன்ட்களுக்குத்தான்னு 2013-ல எழுதினாங்க. டாக்டர் பாக்கணும்னு சொன்னா பாக்கத்தான் வேணும், அதுல பிடிவாதம் வேணாம்.

நீங்களா தூக்க மாத்திரை, சளி மாத்திரை எதுவும் கொடுத்துடாதீங்க. அரிப்புக்கும் சளிக்கும் நாம சாதாரணமா போடற அவில் மாதிரி மருந்து கூட வயசானவங்க மூளையை குழப்பும், யூரினை அடைக்கும். கையை கட்டிப்போடறதும் அப்படித்தான், 1996-ல இனோயே குழு குழப்பத்தை தூண்டறது எதுன்னு பாத்தப்ப கட்டிப்போடறது, சத்துக்குறைவு, மூணுக்கு மேல புது மருந்து சேர்க்கறது, யூரின் டியூப், ஆஸ்பத்திரில நடக்குற வேற ஏதாவது அசம்பாவிதம்னு அஞ்சு காரணம் தெரிஞ்சுச்சு. ஊசியை பிடுங்கறாங்கன்னா அந்த கையை நீங்க பிடிச்சுட்டு பக்கத்துல உக்காருங்க, ஊசி போட்ட இடத்தை முழுக்கை சட்டையால மறைச்சு விடுங்க. கூடவே மூணு நாளா மோஷன் போகலையா, யூரின் வரலையா, எங்காவது வலிக்குதா, சுகர் இறங்கியிருக்கான்னு பாருங்க, பல நேரம் காரணம் இவ்வளவு சாதாரணமா இருக்கும்.

ஐசியுல நீங்க பக்கத்துல இருக்க முடியாது. ஆனா விசிட்டிங் டைம்ல கண்ணாடியும் காது மெஷினும் உள்ள கொடுத்து விடலாம், பேரை சொல்லி கூப்பிட்டு கையை பிடிச்சு பேசலாம். அமெரிக்காவுல 68 ஐசியுக்கள்ல 15,000-க்கு மேற்பட்ட பேஷன்ட்களை வெச்சு 2019-ல வந்த பெரிய ஆய்வுல வலியை கவனிக்கறது, மயக்க மருந்தை குறைக்கறது, சீக்கிரம் நடக்க வைக்கிறது இதோட குடும்பத்தை சேர்த்துக்கறதும் சிகிச்சையோட ஒரு பகுதியாவே இருந்துச்சு.

படுக்கையை விட்டு எந்திரிக்க வைங்க

"அசையாம படு, ரெஸ்ட் எடு" இதுதான் நம்ம ஊர் அன்பு. பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் இதையே சொல்லிட்டு போவாங்க. வயசான உடம்புக்கு இது பெரிய கெடுதல். நல்லா ஆரோக்கியமா இருந்த வயசானவங்க 12 பேரை பத்து நாள் படுக்கையிலேயே வெச்சு பாத்தாங்க, 2007-ல அந்த முடிவு வந்துச்சு, ரெண்டு கால்லயும் சேர்த்து கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை காணாம போச்சு. பத்தே நாள், நோயே இல்லாதவங்களுக்கு. காய்ச்சலும் இன்ஃபெக்ஷனும் சேர்ந்தா இன்னும் மோசம். அமெரிக்காவுல 2009-ல வேற ஒரு குழு வயசான முன்னாள் ராணுவத்தினர் கால்ல அசைவை அளக்கற கருவியை கட்டி பாத்தாங்க, தானா நடக்க முடிஞ்சவங்களே வார்டுல இருந்த நேரத்துல 83 சதவீதம் படுத்தே இருந்தாங்க.

ஸ்பெயின்ல பம்ப்லோனா ஊர்ல 2019-ல வெளிவந்த ஆய்வு எனக்கு ரொம்ப பிடிச்சது. 75 வயசுக்கு மேல 370 பேர், சராசரி வயசே 87. ஒரு குரூப்புக்கு காலையில 20 நிமிஷம் சாயங்காலம் 20 நிமிஷம் எக்சர்சைஸ், நடை, பேலன்ஸ், தசைக்கு வேலை, அஞ்சுல இருந்து ஏழு நாள். தன் வேலையை தானே செய்யற திறமைக்கு நூத்துக்கு மார்க் போடற ஸ்கேல்ல சாதாரண கவனிப்புல இருந்தவங்க 5 மார்க் இறங்கிட்டாங்க, எக்சர்சைஸ் செஞ்சவங்க இறங்காதது மட்டும் இல்ல, 1.9 மார்க் ஏறினாங்க. அதனால யாருக்கும் அசம்பாவிதமும் நடக்கல. எண்பத்தேழு வயசுல முடியுதுன்னா எழுபத்திரெண்டு வயசு அப்பாவால ஏன் முடியாது?

முதல்ல டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ "இவங்களை எந்திரிச்சு நடக்க வைக்கலாமா, எவ்வளவு தூரம்"னு கேளுங்க. எலும்பு முறிவு, பிபி ரொம்ப கம்மி, நெஞ்சுவலி வந்து முதல் நாள் இப்படி இருந்தா அவங்க சொன்ன பிறகுதான். சரின்னு சொல்லிட்டா தினமும் இப்படி செய்யுங்க: படுக்கையில இருந்து உக்கார வெச்சு காலை தொங்கப்போட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க, தலை சுத்துதான்னு கேளுங்க, சுத்தலைன்னா நிக்க வெச்சு நின்ன இடத்துலயே காலை மாத்தி மாத்தி தூக்க சொல்லுங்க, அப்புறம் பெட்டை சுத்தி, அடுத்த நாள் பாத்ரூம் வரைக்கும், அதுக்கடுத்த நாள் வராண்டா முனை வரைக்கும். டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிட்டே நடக்கலாம். வழுக்காத செருப்பு, தரையில தண்ணி இருக்கான்னு ஒரு பார்வை. மூணு வேளை சாப்பாடும் சேர்ல உக்காந்துதான்னு ஒரு சட்டம் போட்டுக்கோங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சிடும். சேர்ல இருந்து கையை ஊனாம எந்திரிச்சு உக்கார்றது, முடிஞ்ச அளவு, அஞ்சு தடவையோ பத்து தடவையோ, தொடை தசைக்கு இதைவிட நல்லது இல்ல.

நடக்க முடிஞ்சவங்களுக்கு டயப்பரும் பெட்பேனும் வேணாம். நமக்கு வசதின்னு டயப்பர் கட்டினா அவங்க பாத்ரூம் போற பழக்கமே விட்டுப்போகும், விட்டுப்போனதை திருப்பி கொண்டு வர்றது பெரிய பாடு.

டியூப், ஊசி, கை கழுவறது

யூரின் டியூப் போட்டிருந்தா தினமும் ரவுண்ட்ஸ்ல ஒரு கேள்வி: "சார், யூரின் டியூப் இன்னும் தேவையா?" அதிகப்பிரசங்கித்தனம்னு நினைக்காதீங்க. 2000-ல அமெரிக்காவுல சஞ்சய் செயின்ட்ங்கற டாக்டரோட குழு பாத்தப்ப, டியூப் போட்டிருந்த பேஷன்ட்டுக்கு டியூப் இருக்குறதே அவரோட டாக்டருக்கு தெரியாம இருந்தது நூத்துக்கு 28 தடவை. போர்வைக்குள்ள இருக்கு, யாரும் சொல்லலை, அவ்வளவுதான் காரணம். டியூப் உள்ள இருக்குற ஒவ்வொரு நாளும் கிருமி சேர்ற வாய்ப்பு ஏறிட்டே போகும். அதே டாக்டர் பின்னாடி 603 ஆஸ்பத்திரிகளை சேர்த்துக்கிட்டு, தேவை முடிஞ்சதும் கழட்டறதை பழக்கமாக்கி 2016-ல முடிவை சொன்னார், ஐசியு இல்லாத சாதாரண வார்டுகள்ல டியூபால வர்ற இன்ஃபெக்ஷன் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுச்சு, ஐசியுல மட்டும் அந்த அளவுக்கு குறையல. டியூப் இருக்குற வரைக்கும் பை இடுப்புக்கு கீழ தொங்கணும், தரையில படக்கூடாது, நடக்கும்போது தோள்ல மாட்டிக்காதீங்க. டிரிப்ஸ் ஏத்த கையில போட்ட ஊசி, அதாவது வென்ஃப்ளான், அந்த இடம் சிவந்தாலோ வீங்கினாலோ எரிஞ்சாலோ உடனே காட்டுங்க.

கை கழுவறது பத்தி எல்லாருக்கும் தெரியும், ஆனா ஜெனிவா ஆஸ்பத்திரில நடந்தது தெரிஞ்சா கொஞ்சம் கூடுதலா நம்புவீங்க. டிடியர் பிட்டேங்கற டாக்டர் பெட்டுக்கு பெட்டு சானிடைசர் வெச்சார், ஊழியர்கள் கை சுத்தம் செய்யறது 1994-ல 48 சதவீதத்துல இருந்து 1997-ல 66 சதவீதமா ஏறுச்சு, அதே காலத்துல ஆஸ்பத்திரில ஒட்டிக்கிற இன்ஃபெக்ஷன் 16.9-ல இருந்து 9.9 சதவீதமா இறங்குச்சு. பெட் பக்கத்துல ஒரு சின்ன பாட்டில் வைங்க, தொடறதுக்கு முன்னாடி தொட்ட பிறகு எல்லாருமே, பாக்க வர்ற பெரியப்பா உட்பட. சளி இருமல் இருக்குற சொந்தக்காரங்க போன்ல பேசினா போதும்.

சாப்பாடு

காய்ச்சல்னா கஞ்சி, பிரெட், ரஸ்க், இளநீர் இதுலயே ஒரு வாரத்தை ஓட்டிடறோம். சுவிட்சர்லாந்துல எட்டு ஆஸ்பத்திரிகள்ல 2,088 பேரை வெச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு, சத்துக்குறைவு ஆபத்துல இருந்தவங்களுக்கு ஆளுக்கு தகுந்த மாதிரி புரோட்டீனும் கலோரியும் கணக்கு பண்ணி கொடுத்தாங்க, 30 நாளுக்குள்ள இறந்தவங்க அந்த குரூப்புல 7 சதவீதம், வழக்கமான ஆஸ்பத்திரி சாப்பாட்டுல 10 சதவீதம். சாப்பாட்டால உயிர் பிழைக்கிற கணக்கு இது. இட்லிக்கு தொட்டுக்க சட்னிக்கு பதிலா கெட்டியா சாம்பார், வேகவெச்ச முட்டை, பருப்பு கடையல், மீன், தயிர், பால், கஞ்சியே வேணும்னா அதுல பாசிப்பருப்பு சேர்த்து வைங்க. கிட்னி பிரச்சினை இருந்தா புரோட்டீன் எவ்வளவுன்னும், ஹார்ட் ஃபெயிலியர் இருந்தா தண்ணி எவ்வளவு குடிக்கலாம்னும் டயட்டீஷியன்கிட்ட கேட்டுட்டு கொடுங்க. கொஞ்சமா ஆறு தடவை கொடுத்தா இறங்கும்.

படுக்க வெச்சு ஊட்டாதீங்க, நிமிந்து உக்காந்துதான் சாப்பிடணும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வேணாம், புரையேறினா டாக்டர்கிட்ட சொல்லணும். காலையும் ராத்திரியும் பல் விளக்கி விடுங்க, பல் செட்டையும் கழுவுங்க. ஜப்பான்ல முதியோர் இல்லங்கள்ல சாப்பாட்டுக்கப்புறம் பல் விளக்கி விட்டவங்களுக்கு 11 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல விட்டவங்களுக்கு 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்துச்சு, 2002-ல வந்த ஆய்வு. அங்க நடந்தது முதியோர் இல்லம்தான், ஆனாலும் வாயில சேர்ற கிருமி நுரையீரலுக்கு இறங்கறது எங்க இருந்தாலும் ஒன்னுதான்.

மோசமாகுதுன்னு தோணினா

தினமும் பாக்குற உங்களுக்கு மாற்றம் சீக்கிரம் தெரியும். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, சும்மா படுத்திருக்கும்போதே 25, அதுக்கு மேலன்னா காத்திருக்காதீங்க. கை கால் ஜில்லுனு ஆகறது, யூரின் ரொம்ப குறையறது, உதடு நீலமாகறது, புதுசா குழப்பம், எழுப்பினா எந்திரிக்காதது, இதெல்லாம் ராத்திரி மூணு மணியா இருந்தாலும் சொல்லணும். "பயமா இருக்கு சிஸ்டர்"னு மட்டும் சொல்லாம "ஒரு மணி நேரமா மூச்சு 28 இருக்கு, பேர் சொன்னா பதில் வரல, டியூட்டி டாக்டரை கூப்பிடுங்க"ன்னு சொல்லுங்க. யாரும் வரலைன்னா அடுத்த பெரியவங்களை கேளுங்க, சத்தம் போட வேணாம், விடவும் வேணாம். இங்கிலாந்துல 2024-ல மார்த்தா ரூல்னு ஆரம்பிச்சிருக்காங்க, குடும்பத்துக்காரங்களே வேற ஒரு டாக்டர் டீமை நேரா கூப்பிட்டு பாக்க சொல்லலாம், மார்த்தா மில்ஸ்ங்கற 13 வயசு பொண்ணு 2021-ல இறந்ததுக்கு அப்புறம் அவங்க பெத்தவங்க போராடி கொண்டு வந்தது. நம்ம ஆஸ்பத்திரிகள்லயும் இப்படி ஒரு நம்பர் சுவத்துல ஒட்டியிருக்கணும்னு நான் மனசார விரும்பறேன்.

டிஸ்சார்ஜ்

பில் கட்டற அவசரத்துல இதுதான் பாழாகுது. வீட்டுக்கு போன முதல் மாசம் ரொம்ப பலவீனமான காலம். யேல்ல இருக்குற ஹார்லன் க்ரம்ஹோல்ஸ்ங்கற இதய டாக்டர் 2013-ல எழுதினார், அமெரிக்காவுல அரசு இன்சூரன்ஸ்ல இருக்குற வயசானவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் 30 நாளுக்குள்ள திரும்பி அட்மிட் ஆகறாங்க, அதுல நிறைய பேர் முதல்ல வந்த நோய்க்காக வரல, வேற ஏதோ ஒன்னுக்காக வர்றாங்க. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைஞ்சு, தசை கரைஞ்சு போன உடம்பு எதையும் தாங்கறதில்ல.

பாஸ்டன்ல பிரையன் ஜாக் குழு 749 பேரை வெச்சு 2009-ல காட்டினாங்க: ஒரு நர்ஸ் உக்காந்து பொறுமையா விளக்கி, படத்தோட ஒரு சின்ன புக்லெட் கொடுத்து, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஃபார்மசிஸ்ட் போன் பண்ணி மாத்திரை பத்தி விசாரிச்சாங்க, ஒரு மாசத்துல திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர்றது 30 சதவீதம் குறைஞ்சுச்சு. நமக்கு போன் யாரும் பண்ண மாட்டாங்க, நாமளே செஞ்சுக்கணும். ஒரு நோட்டுல கோடு போட்டு எழுதுங்க: மாத்திரை பேர், எதுக்கு, காலை மதியம் ராத்திரி எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எத்தனை நாள். கீழ தனியா ரெண்டு வரி, புதுசா சேர்த்தது எது, நிறுத்தினது எது. நிறுத்தின மாத்திரை வீட்டு டப்பாவுல பழைய இடத்துலயே இருக்கும், அம்மா பழக்கத்துல எடுத்து போட்டுப்பாங்க, அதனால வீட்டுக்கு போனதும் முதல் வேலையா அதை தனியா எடுத்துடுங்க. ஜிஎச்ல கொடுத்த மாத்திரையும் பிரைவேட்ல எழுதினதும் வேற வேற பேர்ல ஒரே மருந்தா இருக்கலாம், அட்டையில சின்ன எழுத்துல இருக்குற மருந்துப் பேரை ஒப்பிட்டு பாருங்க, புரியலைன்னா மெடிக்கல்ல கேளுங்க. எழுதி முடிச்சதும் சிஸ்டர்கிட்ட நீங்களே திருப்பி சொல்லிக் காட்டுங்க, "காலையில இது ஒன்னு, ராத்திரி இது பாதி, தண்ணி ஒன்றரை லிட்டர், சரிதானே?" தப்பா புரிஞ்சிருந்தா அங்கயே தெரிஞ்சிடும். கேக்காம கிளம்பக்கூடாத ரெண்டு கேள்வி: இன்னும் வராத டெஸ்ட் ரிசல்ட் ஏதாவது இருக்கா, என்ன ஆனா உடனே திரும்பி வரணும்.

வீட்டுக்கு வந்த மூணாவது நாள் நோட்டையும் மாத்திரை டப்பாவையும் பக்கத்துல வெச்சு எண்ணிப் பாருங்க, வெளியூர்ல இருக்குற பிள்ளைங்க இதை வீடியோ கால்ல கூட செய்யலாம். ஹார்ட் ஃபெயிலியர்காரங்களுக்கு தினமும் காலையில ஒரே நேரத்துல வெயிட் பாக்கணும், ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடம்புல நீர் கோக்குதுன்னு அர்த்தம், டாக்டருக்கு சொல்லணும். நடையை விட்டுடாதீங்க, ஆஸ்பத்திரில வராண்டா முனை வரைக்கும் நடந்தவங்க வீட்ல தெருமுனை வரைக்கும் நடக்கட்டும். பிசியோவுக்கு போக வர முடியாதவங்க தமிழ்நாட்டுல இருந்தா 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கறாங்க, பிரஷர் சுகர் மாத்திரையும் கொடுக்கறாங்க, பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரை பதிஞ்சு வைங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேர் போன்லயாவது வெச்சுக்கோங்க, மூச்சு வாங்கினாலோ குழம்பி பேசினாலோ 108-க்கு போன் பண்ணும்போதே அதையும் அந்த நோட்டையும் பையில போட்டு எடுத்துக்கோங்க.